தரைக்குக் கீழே தண்ணீர் போக வழி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வானத்திலிருந்து குதிக்கவில்லை. நான்காக மடித்த ஒரு துண்டறிக்கையிலிருந்து வந்தது. 'வெள்ளம் வரும் இடங்களில் வீடு கட்டுவோர் கவனத்துக்கு' என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே ஒன்பது விதிகள். படம் கிடையாது. ஒரு படம் இருந்தது. அலுவலகத் தொலைபேசி எண்களுக்கு இடம் போதவில்லை என்று கடைசி நேரத்தில் தூக்கிவிட்டார்கள். அந்த எண்களில் பாதி இப்போது வேலை செய்வதில்லை.

மூன்றாவது விதி இது:

'தரை, சிவப்புக் கோட்டுக்கு இரண்டடி மேலே இருக்க வேண்டும். தரைக்குக் கீழே தண்ணீர் போக வழி விட வேண்டும்.'

சிவப்புக் கோடு என்பது போன வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய உயரம். மின்கம்பங்களில் பெயிண்டால் போட்டு வைத்திருக்கிறார்கள், சாலையிலிருந்து இரண்டடி. அதில் குழப்பம் ஒன்றும் இல்லை. இப்போது விதியை இன்னொரு முறை படியுங்கள். மனதில் என்ன மாதிரி வீடு வருகிறது?

தூண்கள் மேல் நிற்கிற வீடு வந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். வீட்டுக்குள் நாம் நடக்கிற தரை நாலடி உயரத்தில் இருக்கும். அதன் கீழே காலி இடம். வெள்ளம் வந்தால் அந்தக் காலி இடத்தில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். விதியை உண்டாக்கியவர் நினைத்த வீடு அதுதான். அப்படியில்லாமல், மனையில் நாலடிக்கு மண் கொட்டி மேடாக்கி, மேட்டின் மேல் வீட்டைக் கட்டி, மண்ணுக்கு அடியில் ஒரு குழாய் பதித்தது போல் வந்ததா? வெட்கப்பட வேண்டாம். இந்தக் கதை நடக்கிற தெருவில் பதினொரு வீட்டுக்காரர்கள் அதைத்தான் கட்டினார்கள்.

குற்றம் யாருடையதும் இல்லை, மொழியுடையது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். 'தரையில் படுக்காதே, பாய் போட்டுக்கொள்' என்றால் வீட்டுக்குள் இருக்கிற தரை. 'விமானம் தரையிறங்கியது' என்றால் வெளியே இருக்கிற தரை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டோம். தண்ணீருக்கு மட்டும் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. தூணுக்கு நடுவே அது போகும். மண்மேட்டுக்கு நடுவே போகாது, பக்கத்து வீட்டுக்குப் போகும்.

பக்கத்தில் அப்படி ஒரு வீடு இருந்தது. பன்னிரண்டாவது வீடு. விதியை உண்டாக்கிய பொறியாளரின் அக்கா வீடு.

2

எப்படித் தொடங்குவது என்று நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

'மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. தெருவெங்கும் முழங்கால் அளவு—'

[வேண்டாம். அன்று அந்தத் தெருவில் மழையே இல்லை. பளிச்சென்று வெயில். துணி காயப் போட்டிருந்தார்கள். மழை பெய்தது எங்கோ மேலே. அணை நிரம்பி, பகல் பன்னிரண்டுக்கு மதகுகளைத் திறப்பதாக அறிவிப்பு வந்திருந்தது. தண்ணீர் தெருவுக்கு வந்து சேர மூன்று மணி நேரம். வெயிலில் நின்றுகொண்டு வெள்ளத்துக்குக் காத்திருப்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. கை தானாக மழைக்குப் போய்விட்டது.]

'பொறியாளருக்குக் காலையிலிருந்தே மனசு சரியில்லை. ஏதோ நடக்கப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு—'

[இதுவும் பொய். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கியதாக அவரே சொன்னார். ஒன்றரை வருடம் வேறு ஊர் அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தவர் அதற்கு முந்தின நாள்தான் திரும்பி வந்திருந்தார். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.]

இன்னொரு சங்கடம். அவர் எதிரில் வந்தால் நான் எழுந்து நிற்பேன். ஆனால் கதைக்குள் 'அவர்' என்று எழுதினால் பேனா நாலடி தள்ளி நின்றுகொள்கிறது, கிட்டே போக மாட்டேன் என்கிறது. அதனால் கதைக்குள் 'அவள்'. வெளியே வந்ததும் 'அவர்'. அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டடி' என்று பட்டப்பெயர். எந்த வரைபடத்தை நீட்டினாலும் 'ரெண்டடி மேல ஏத்துங்க' என்பாராம். அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

3

ரெண்டடி தெருமுனையில் வண்டியை விட்டு இறங்கியபோது மணி பதினொன்றரை.

ஒன்றரை வருடமாக அக்கா போனில் ஒரே புலம்பல். "எல்லாரும் ஒசந்துட்டாங்கடி. நாங்கதான் கீழயே கிடக்கிறோம்." ரெண்டடி ஒவ்வொரு முறையும் சமாதானம் சொல்வாள். "ஒசரட்டுமே அக்கா. நமக்கு எதுக்குப் பொறாமை?" கடைசி முறை அக்கா பட்டென்று போனை வைத்துவிட்டாள். பொறாமைக்காரி என்று தங்கையே சொல்லிவிட்டாளே என்று அவளுக்குக் கோபம்.

தெருமுனையில் நின்று பார்த்தபோதுதான் அக்கா சொன்னதன் அர்த்தம் விளங்கியது. எல்லோரும் உயர்ந்திருந்தார்கள். அளந்தால் சரியாக நாலடி. ஒவ்வொரு மனையும் கருங்கல் சுவர் வைத்து, உள்ளே மண் கொட்டி, மேலே புது வீடு. வாசலுக்கு ஏழு படி. நடுவில் அக்கா வீடு மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. அதன் இரண்டு பக்கமும் மண்மேடு. பின்பக்கமும் மண்மேடு. தெருப்பக்கம் மட்டும் திறப்பு.

அவள் முதல் வீட்டுக் கருங்கல் சுவரின் அருகே குனிந்தாள். அடியில் ஒரு நாலு அங்குலக் குழாய் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை அடைத்திருந்தது. அடுத்த வீட்டிலும் ஒரு குழாய். அதற்கடுத்த வீட்டிலும். எதற்கு இந்தக் குழாய் என்று ஒரு நிமிடம் புரியவில்லை. தரைக்குக் கீழே தண்ணீர் போக வழி. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து நிமிர்ந்து அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

"வாடி. டீ போடட்டா?" என்றாள் அக்கா.

"அக்கா, மதகு திறக்கிறாங்க. மூணு மணிக்கு இங்க தண்ணி வந்துரும்."

"தெரியும். மைக்ல சொல்லிட்டுப் போனான். போன தடவையும்தான் வந்துச்சு. முன்வாசல்ல ஏறிச்சு, பின்வாசல் வழியா எறங்கிப் போயிருச்சு. பீரோவ செங்கல் மேல ஏத்தியாச்சு."

"பின்வாசல்ல இப்ப எங்கக்கா எறங்கும்?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். பின்கதவைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் பின்வீட்டுக்காரரின் கருங்கல் சுவர், நெஞ்சு உயரத்துக்கு. அந்த வீட்டுக்கு அப்பால் பள்ளம். போன வெள்ளத்தில் தண்ணீர் ஓடி இறங்கியது அந்தப் பள்ளத்துக்குத்தான்.

மாமா கட்டிலில் படுத்திருந்தார். தொடை எலும்பு முறிந்து உள்ளே தகடு வைத்து மூன்று வாரம். காலை ஊன்றக் கூடாது. வாய்க்கு அப்படி ஒரு தடையும் இல்லை.

"உன் தங்கச்சி உதட்டுக்குள்ள கணக்குப் போடறா பாரு," என்றார். "கட்டில் ஒசரம்தானம்மா வேணும்? ஒன்றரை அடி. ஆளோட சேத்து ரெண்டு."

ரெண்டடி அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பதினொரு மனையில் பரவி நிற்க வேண்டிய தண்ணீர் இந்த ஒரு மனையில் வந்து நிற்கும். இரண்டடி இல்லை, நாலடி வரும். வடிய வழி இல்லாததால் நின்றுகொண்டே இருக்கும். வீட்டின் பின்சுவர் மண் சாந்தில் வைத்த பழைய செங்கல் சுவர். அது ஓடுகிற தண்ணீரைத் தாங்கியிருக்கிறது. நிற்கிற தண்ணீரைத் தாங்காது.

"மாமாவ மேல தூக்கிட்டுப் போயிரலாம்," என்றாள். "அப்புறம் பின்பக்கம் வெட்டணும்."

"எத வெட்டறது?"

"பின்வீட்டு டைப்பிஸ்ட் சாரோட மண்ண."

"அவரா? அவர் வீட்டுச் செடியில ஒரு பூ பறிக்கவே ரெண்டு தடவ அனுமதி கேக்கணும்டி," என்றாள் அக்கா.

4

பின்வீட்டு டைப்பிஸ்டைப் பற்றிக் கொஞ்சம். நீதிமன்றத்தில் நாற்பது வருடம் தட்டச்சர். அடுத்தவர் சொன்னதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் அடித்துக் கொடுத்தே ஓய்வு பெற்றவர். அச்சில் வந்தது என்றால் அவருக்கு அதற்கு மேல் பேச்சில்லை. மருந்து அட்டையிலிருந்து ஏல அறிவிப்பு வரை எதையும் சத்தம் போட்டுப் படிப்பார். துண்டறிக்கையைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி வைத்திருந்தார்.

[முதலில் இவரை வில்லனாகத்தான் எழுதினேன். பிடிவாதக்காரர், கல்நெஞ்சக்காரர். எழுத எழுத ஆள் ஒத்துழைக்கவில்லை. விதியை ஒழுங்காகப் படித்து, ஒழுங்காகக் கீழ்ப்படிந்த மனிதரை வில்லனாக்குவது எப்படி?]

"வாங்கம்மா," என்றார். "உங்க நோட்டீஸ் படிதான் கட்டினேன். ஒரு அங்குலம் கொறையாது. வேணும்னா அளந்து பாருங்க."

"பாத்தேன் சார். உங்க வீட்டோட பக்கவாட்டுச் சந்துல மண்ண வெட்டணும். எங்கக்கா பின்வாசல்லேர்ந்து அந்தப் பக்கப் பள்ளம் வரைக்கும். ரெண்டடி அகலம் போதும்."

அவர் உறை போட்ட துண்டறிக்கையை எடுத்து வந்து மூன்றாம் விதியை முழுக்கப் படித்தார். "இதுல வெட்டச் சொல்லி எங்க போட்டிருக்கு?"

"அதுல போட்டிருக்கறது தப்பு சார்."

டைப்பிஸ்ட் கண்ணாடியைக் கழற்றினார். "அச்சுல வந்தது."

"அச்சுல வந்ததுதான். தப்பு."

சாரப் பலகைகளை வெள்ளத்துக்கு முன் எடுத்துப் போக வந்திருந்த மேஸ்திரி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தெருவில் ஏழு வீடு அவர் கட்டியது. "நான் அப்பவே கேட்டேங்க, தூணா மேடான்னு," என்றார். "தரைய ஒசத்தச் சொல்லிப் போட்டிருக்கு, மண்ணக் கொட்டுன்னாங்க. கொட்டினேன்."

"வெட்டினா என் வீடு என்ன ஆகும்?" என்று கேட்டார் டைப்பிஸ்ட்.

[இந்த இடத்தில் அவள் ஒரு பொய் சொல்வதாக எழுதினேன். 'ஒண்ணும் ஆகாது சார்.' கதை வேகமாக நகர்ந்தது. பொறியாளர் படித்துவிட்டு அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். 'நான் அப்படிச் சொல்லல' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அவர் சொன்னது இது.]

"அந்தப் பக்கச் சுவர் கொஞ்சம் எறங்கலாம். உள்ள விரிசல் விடலாம். விழாது."

"விழாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுத முடியாது சார். விழாதுன்னு நெனைக்கிறேன். அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனா இத வெட்டலேன்னா எங்கக்கா வீடு விழுந்துரும். அத எழுதியே குடுப்பேன்."

டைப்பிஸ்ட் உள்ளே போய்த் தட்டச்சு இயந்திரத்தின் உறையை எடுத்தார், மடித்து வைத்தார், தாளைச் செருகி நேராக்கினார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. மதகு திறந்து நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. ரெண்டடிக்கு அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்துவிடலாம் போல இருந்தது. அவர் அவசரப்படவில்லை. ஒரு வார்த்தையில் பிழை வந்து, அதை அழித்து, ஊதி, மறுபடி அடித்தார். தாளில் இப்படி இருந்தது:

'துண்டறிக்கையின் மூன்றாம் விதியில் உள்ள தரை என்னும் சொல் பிழையானது. அதை நம்பி மண் நிரப்பிய வீட்டுக்காரர்கள் மீது குற்றம் ஏதும் இல்லை. பிழைக்குப் பொறுப்பு: ..............................'

"கோடிட்ட இடத்த நிரப்பிக் குடுங்க," என்றார். "நானே மண்வெட்டி எடுக்கறேன்."

அக்கா ஈரக் கையோடு வந்து பின்னால் நின்றிருந்தாள். ரெண்டடி பேனாவை எடுத்து, அந்தப் புள்ளிக்கோட்டின் மேல்

5

இந்த வாக்கியத்தை நான் மூன்று முறை முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. முதலில் வேறு ஒரு வாக்கியத்தை எழுதியாக வேண்டும்.

அந்தச் சொல்லை மாற்றியவன் நான்.

துண்டறிக்கையை அச்சடித்த அச்சகத்தில் நான் மெய்ப்பு பார்க்கிறேன். பத்தொன்பது வருடம். (மெய்ப்பு பார்ப்பவன் என்றால் மெய்யைப் பார்ப்பவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பவன்.) ரெண்டடி எழுதிக் கொடுத்த கைப்பிரதியில் 'வீட்டுத் தளம்' என்று இருந்தது. 'தளத்துக்குக் கீழே தண்ணீர் போக வழி'. படித்ததும் எனக்குச் சிரிப்பு. என் தம்பி கட்டட வேலை செய்கிறவன். கட்டட வேலைக்காரர்கள் தளம் போடுகிறோம் என்றால் மேலே கூரைக்குக் காங்கிரீட் போடுகிறார்கள் என்று அர்த்தம். இந்த விதிப்படி கட்டினால் கூரை நாலடி உயரத்தில் இருக்கும், தவழ்ந்துதான் வீட்டுக்குள் போக வேண்டும். இந்தப் படித்தவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். 'வீட்டுத் தளம்' என்பதை அடித்துவிட்டு 'தரை' என்று எழுதினேன். இரண்டாவது வாக்கியத்திலும் அப்படியே. எளிய தமிழ். மேஸ்திரிக்கும் புரிகிற தமிழ். அன்று மதியம் ரொம்பத் திருப்தியாகச் சாப்பிட்டேன்.

தெரியாமல் செய்த பிழை என்றால் மன்னித்துவிடலாம். இது தெரிந்ததால் செய்த பிழை.

கைப்பிரதியின் மூலையில் அவருடைய போன் எண் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். நேரமில்லை என்று எழுதினேன், அடித்தேன். நேரம் இருந்தது. கேட்டால் மாற்ற விடமாட்டார் என்று தோன்றியது. அதுதான் காரணம்.

அவர் மாற்றலாகிப் போகிற அவசரத்தில் இருந்தார். அச்சக முகப்பில் நின்றபடியே, கைப்பையை மேசையாக வைத்து மெய்ப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விதிகளின் எண்களைச் சரிபார்த்தார், அடிக்கணக்கைச் சரிபார்த்தார். எண்கள் எல்லாம் சரியாக இருந்தன.

6

இப்போது வாக்கியத்தை முடிக்கலாம்.

ரெண்டடி பேனாவை எடுத்து, அந்தப் புள்ளிக்கோட்டின் மேல் வைத்து, அப்படியே நிறுத்தினாள். தளம் என்றுதானே எழுதினோம்? நன்றாக ஞாபகம் இருந்தது. எழுதும்போது பேனா மை தீர்ந்து வேறு பேனா எடுத்ததுகூட ஞாபகம் இருந்தது. 'அச்சகம்' என்று எழுதலாம். எழுதினால் டைப்பிஸ்ட் எந்த அச்சகம் என்பார், யார் என்பார், போன் போட்டுக் கேளுங்கள் என்பார். அதையும் ஒரு தாளில் அடிப்பார். மணி ஒன்று ஐந்து. அவள் தன் பெயரை எழுதினாள்.

("பேரு சின்னது. சீக்கிரம் எழுதிரலாம்னு எழுதினேன்," என்று என்னிடம் சொன்னார்.)

அக்கா தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"நீயாடி?"

"நேரமில்லக்கா. மண்வெட்டி எங்க இருக்கு?"

அது பதில் இல்லை. அக்கா அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

முன்கதவைக் கழற்றி அதன் மேல் மாமாவைப் படுக்க வைத்து நாலு பேர் தூக்கினார்கள். "கதவ எடுத்துட்டீங்களே, திருடன் வந்தா?" என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை. அவரை டைப்பிஸ்ட் வீட்டு முன்னறையில் இறக்கிவிட்டு எல்லோரும் சந்துக்கு ஓடினார்கள். முதலில் கருங்கல் சுவரைப் பெயர்க்கவே அரை மணி நேரம் ஆனது. மேஸ்திரியும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் அக்கா வீட்டுப் பக்கத்திலிருந்து வெட்ட, ரெண்டடியும் டைப்பிஸ்டும் மண்ணை வாரிப் பள்ளத்துப் பக்கம் கொட்டினார்கள். பதினைந்தடி போனதும் கடப்பாரை 'ணங்' என்றது. மேடாக்கும்போது மண் போதாமல் இடித்த வீட்டின் காங்கிரீட்டைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். போட்டவர் அவர்தான்.

மேட்டு வீட்டுக்காரர்கள் படியில் நின்று பார்த்தார்கள். "நோட்டீஸ்ல மண்ணு போடத்தானே சொல்லிருக்கு, ஏன் வெட்டறாங்க?" என்று ஒரு குரல் கேட்டது. ரெண்டடி நிமிரவில்லை.

இரண்டு ஐம்பதுக்குத் தண்ணீர் வந்தது. நான் அதை ஓலமும் ஆர்ப்பாட்டமுமாக எழுதியிருந்தேன். அதையும் பொறியாளர் அடித்துவிட்டார். சாக்கடை மூடிகளின் ஓரத்தில் முதலில் ஈரம் கசிந்ததாம். பிறகு மூடிகள் மெல்ல ஆடினவாம். கதவில்லாத வாசலில் தண்ணீர் சத்தமே இல்லாமல் ஏறியது. கட்டில் கால், கட்டில் சட்டம், அக்கா செங்கல் மேல் ஏற்றி வைத்த பீரோவின் பூட்டு. அக்கா கடைசி வரை வெளியே வரவில்லை. இடுப்புத் தண்ணீரில் நின்று அலமாரியிலிருந்து எடுத்து எடுத்துப் பரணில் வைத்துக்கொண்டிருந்தாள். ரெண்டடி மண்வெட்டியைப் போட்டுவிட்டு இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வரும் வழியெல்லாம் அக்கா அந்தக் கையை உதறிக்கொண்டே வந்தாள்.

நாலு இருபத்தைந்துக்குப் பின்சுவர் விழுந்தது. பெரிய மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம். அதோடு கூரை ஓடுகளும் கைமரங்களும் உட்கார்ந்துவிட்டன.

நாலு ஐம்பதுக்குச் சந்தில் வெட்டிய வாய்க்கால் பள்ளம் வரை திறந்தது. தண்ணீர் டைப்பிஸ்ட் வீட்டுச் சந்து வழியாகப் பள்ளத்துக்கு ஓடியது. பொழுது சாய்வதற்குள் வீடு வடிந்துவிட்டது. வடிவதற்கு அங்கே வீடு இல்லை.

இருபத்தைந்து நிமிடம். ஒரு தாளை அடித்து, படித்து, கோடிட்ட இடத்தை நிரப்ப எவ்வளவு நேரம் ஆனது என்று கழித்துப் பாருங்கள். நான் பார்த்துவிட்டேன்.

7

ஆறு வாரம் கழித்து அவர் அச்சகத்துக்கு வந்தார். பழைய துண்டறிக்கையையும் தன் கைப்பிரதியின் நகலையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் எழுந்து நின்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. புதிய பதிப்புக்கான தாளை நீட்டினார்.

'வீட்டுக்குள் நீங்கள் நடக்கிற இடம், சிவப்புக் கோட்டுக்கு இரண்டடி மேலே இருக்க வேண்டும். நடக்கிற இடத்துக்கும் மண்ணுக்கும் நடுவே காலியாக விட வேண்டும். அந்தக் காலி இடத்தை எதைக் கொண்டும் நிரப்பக் கூடாது.' கீழே படம்.

"இந்தத் தடவ வார்த்தைய மாத்தாதீங்க," என்றார். அவ்வளவுதான். நான் கேட்கக் கேட்க, இருபது நிமிடத்தில் அந்த நாளை நிமிடக் கணக்கோடு சொன்னார். விதிப் பிரிவிலிருந்து அவரைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்களாம். புதிய பதிப்பு மட்டும் அவர் கையால் போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அக்கா இப்போது டைப்பிஸ்ட் வீட்டு முன்னறையில் இருக்கிறாள். தங்கையிடம் பேசுவதில்லை. தங்கை வந்தால் மாமாவைப் பார்த்து 'டீ வேணுமான்னு கேளுங்க' என்கிறாள். மாமா கேட்கிறார்.

"நான் வந்து உங்க அக்காகிட்ட சொல்றேன் மேடம்," என்றேன்.

"வேண்டாம். கையெழுத்து என்னோடது. படிக்காம போட்டது நான்."

அதற்குப் பிறகுதான் இதை எழுத ஆரம்பித்தேன். இரண்டு முடிவு எழுதி அவரிடம் காட்டினேன். முதல் முடிவில் வாய்க்கால் நேரத்துக்குத் திறந்து வீடு தப்பிக்கிறது, அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். "நல்லா இருக்கு. யார் வீடு இது?" என்றார். இரண்டாவது முடிவில் மாமா இறந்துபோகிறார். "எங்க மாமாவ எதுக்கு சாகடிச்சீங்க? அவர் பாட்டுக்கு நல்லா சாப்பிடறார்." எதற்கென்று எனக்குத் தெரியும். ஒரு சாவை வைத்தால் என் குற்றம் பெரிதாகத் தெரியும். பெரிய குற்றவாளியாக இருப்பதில் ஒரு அந்தஸ்து இருக்கிறது. இரண்டு பெண்கள் ஒரே அறையில் பேசாமல் இருப்பதற்குக் காரணமானவன் என்பதில் அப்படி ஒன்றும் இல்லை, கேவலம்தான் இருக்கிறது.

அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு சாயங்காலம் அந்தத் தெருவுக்குப் போனேன். டைப்பிஸ்ட் வீட்டுக்கு ஏழு படி. ஐந்து ஏறினேன். சந்துப் பக்கச் சுவரில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். உள்ளே டைப்பிஸ்ட் மாமாவுக்குப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார், ஏதோ தொடர்கதை, நிறுத்தற்குறிகளைக்கூட விடாமல். உள்ளறையில் யாரோ காய் நறுக்குகிற சத்தம். முன்னறைச் சுவரில் இரண்டு தாள்கள் உறை போட்டு மாட்டியிருந்தன. ஒன்று துண்டறிக்கை. இன்னொன்றின் புள்ளிக்கோட்டில் பொறியாளருடைய பெயர். ஐந்தாவது படியிலிருந்தே படிக்க முடிந்தது. நான் திரும்பி இறங்கி வந்துவிட்டேன்.

இறங்கி வரும்போதுதான் தோன்றியது. அச்சில் வந்த எதையும் இந்த மனிதர் விடமாட்டார். இந்தக் கதையும் ஒரு நாள் அச்சில் வரும்.

8

டைப்பிஸ்ட் சார், வணக்கம்.

இவ்வளவு தூரம் சத்தமாகப் படித்து வந்திருப்பீர்கள். மாமா கேட்டுக்கொண்டிருப்பார். அச்சில் வந்ததும் தப்பாக இருக்கலாம் என்று உங்கள் வாசலில் நின்று ஒருவர் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? சுவரில் இருக்கிற இரண்டாவது தாளிலும் ஒரு தப்பு இருக்கிறது. புள்ளிக்கோட்டின் மேல் இருப்பது வேறு ஒருவர் பெயர். ஐந்தாம் பகுதியை வேண்டுமானால் இன்னொரு முறை படியுங்கள். இந்த முறை கொஞ்சம் உரக்க, உள்ளறை வரை கேட்கிற மாதிரி.

படித்தாயிற்றா?

காய் நறுக்குகிற சத்தம் நின்றுவிட்டதா என்று எனக்குத் தெரியாது. நிற்பதாக எழுதலாம், கை பரபரக்கிறது. நின்று, அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, போனை எடுத்து, தங்கையின் எண்ணை அழுத்தி, அந்தப் பக்கம் 'அக்கா?' என்று கேட்டதும் முதலில் சொல்கிற வார்த்தை—

..............................

ஏழெட்டு வார்த்தைகள் தோன்றுகின்றன. எல்லாம் எளிய தமிழ், எல்லாம் பொருத்தமாகத்தான் இருக்கின்றன. ஒன்றையும் எழுத மாட்டேன். சார், நீங்களும் நிரப்பிப் படித்துவிடாதீர்கள். தாளை மடித்து வைத்துவிட்டு உள்ளறைப் பக்கம் திரும்புங்கள். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.